நீக்கிய பக்கத்தைத் தேடி வந்தவர்கள்

கட்டுரை எழுதினால் பாராட்ட நாலு பேர் வருவார்கள். அதை நீக்கினால் சண்டைக்கு நாற்பது பேர் வருவார்கள். திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும் இணையதளத்தில் எனக்கு அந்த இரண்டாவது வேலை. விவசாயம், பஸ் நேரம், அரசு விண்ணப்பம் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்காக எழுதிவைத்த கட்டுரைகளில் காலாவதியானதைத் தேடி எடுத்துவிட வேண்டும். வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டுத் திட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஓடாத பஸ்

அனந்தபுரத்துக்குக் காலையில் போகும் ஒரு பஸ்ஸின் நேரத்தைப் போட்டிருந்தோம். அந்த பஸ் நின்று வெகுநாளாயிற்று. பக்கத்தை நீக்கினேன். மறுநாளே அந்த ஊர் மளிகைக்கடைக்காரர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "அந்த பஸ்தான் இப்போது ஓடவில்லையே, ஐயா" என்றேன்.

"வர்றதில்லன்னு எனக்குத் தெரியாதாம்மா? பஸ்ஸு கேட்டு மனு குடுக்கப் போறப்பல்லாம் உங்க பக்கத்தத்தான் காட்டிக்கினு இருந்தேன். இருந்த ஒரே சாட்சியையும் கொன்னுட்டியே!"

மருந்தும் மழையும்

மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், விழும் பூச்சி பற்றிய கட்டுரையை எழுதியவர் விழுப்புரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி. அதில் சொன்ன மருந்துக்குப் பிற்பாடு தடை வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர் விவசாயி ஒருவர் உரக்கடையில் எங்கள் பக்கத்தைச் செல்போனில் காட்டி அந்த மருந்தைக் கேட்டிருக்கிறார். நல்லவேளை, கடைக்காரர் விவரம் சொல்லி அனுப்பிவிட்டார். விவசாயி எங்களைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் கட்டுரையை எடுத்துவிட்டேன்.

எழுதியவரிடம் சொல்ல வேண்டுமே. நேரில் போய்த் தடை உத்தரவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முன்னாடியே நீக்கியிருக்க வேண்டும் என்று என்னைக் கடிந்துகொண்டார். அதோடு முடிந்தது என்று நிம்மதியாகக் காபியைக் குடித்தேன். வழியனுப்ப வாசல்வரை வந்தவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மருந்துக்குத்தானேம்மா தடை? மொதல் ரெண்டு பாராவுல மழையப் பத்தி எழுதியிருந்தேனே, அது என்ன பண்ணுச்சு?"

மரக்காணத்து அம்மா

மீன்பிடித் தடைக்கால உதவிக்கு விண்ணப்பிக்கும் முறை மாறியதும், புதுக் கட்டுரை போட்டுப் பழையதை நீக்கினேன். ஒரு வாரம் கழித்து மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து, பழையதுதான் வேண்டும் என்றார். அது இனிமேல் செல்லாது என்று பொறுமையாக விளக்கினேன். மறுபடியும் விளக்கினேன். மூன்றாம் முறை வாயெடுப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"அதுல வல பின்னிக்கினு குந்தியிருக்கிறவரு எங்க ஊட்டுக்காரரு. போன வருசம் தவறிட்டாரு. அவரு சிரிச்ச படம் அது ஒண்ணுதாம்மா."

நானும் கூட வேலைசெய்யும் செல்வியும் மதியச் சாப்பாட்டை மறந்து பழைய கோப்புகளைக் கிளறினோம். படம் கிடைத்தது. பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கை சும்மா இருக்குமா? கூடவே புது விண்ணப்ப விவரத்தையும் நீட்டினேன். அதை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, படத்தை மட்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"இத நீயே வச்சிக்க. எனக்கு இவரு போதும்."

ஒரு கட்டுரையை யார் யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அதை நீக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி இந்தத் தொழிலில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.