பாத் காபி

என்னைப் பற்றி என்றாவது யாராவது எழுத நேர்ந்தால் 'சிரிப்பு நடிகை' என்று எழுதுவார்கள். தப்பில்லை. கல்கத்தாவின் வங்காள நாடகங்களிலும் சினிமாவிலும் காலமெல்லாம் 'மதராஸி மாஷி'யாக நடித்துத் தேய்ந்தவள் நான். மாஷி என்றால் சித்தி. கதையில் எங்காவது தொய்வு விழுந்தால் பெரிய பொட்டும் மல்லிகைப்பூவுமாக உள்ளே வந்து வங்காளத்தைக் கொலை செய்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் என் கலைச்சேவை. ஆனால் நான் நடிக்க வந்தது அழவைப்பதற்காக.

பிறந்து வளர்ந்தது, கப்பல் துறையை ஒட்டிய கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். ரயில்வே கிளப்பில் போட்ட தமிழ் நாடகங்களில் நான் அழுத அழுகைக்கு முன்வரிசை மாமிகள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். அவர்களை நம்பி, நான் பெரிய சோக நடிகை என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். வடக்குக் கல்கத்தாவில் ஒரு வங்காள நாடகக் குழு தாய் வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறது என்று கேள்விப்பட்டதும், கூச்சமே இல்லாமல் போய் நின்றேன். சின்ன வயசுதான் எனக்கு. தலையில் பவுடரைக் கொட்டி நரையாக்கினார்கள்.

வங்காளம் எனக்குப் பேச வரும், படிக்க வராது. ஆகவே வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு உருப்போட்டேன். வினை அங்கேதான். அவர்களுக்கு நான்கு 'ப' உண்டு, நமக்கு ஒன்றுதான். 'பாத்' என்பதைக் காற்றை அழுத்தி விட்டுச் சொன்னால் சோறு. காற்று விடாமல் சொன்னால் மூட்டுவாதம். 'சாப்பிடுகிறாயா' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லையோ, நம் எழுத்தில் எழுதினால் 'காபி' என்றுதான் எழுத வேண்டும்.

காட்சி இதுதான்: ஜெயிலிலிருந்து மகன் திரும்பி வருகிறான். பட்டினி கிடக்கும் தாய், வீட்டில் இருக்கும் கடைசிப் பிடிச் சோற்றை எடுத்துவைத்து, 'சோறு சாப்பிடுகிறாயா?' என்று கேட்கிறாள். ஒத்திகையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அன்றைக்கு மேடை விளக்கு முகத்தில் அடித்ததும் நாக்கு உலர்ந்துபோயிற்று. நினைவுக்கு வந்தது காதால் கேட்ட ஒலி அல்ல, நான் எழுதிவைத்த எழுத்து. 'பாத்... காபி?' என்று காலையில் அப்பாவைக் கேட்பது போலவே கேட்டுவிட்டேன். இட்லிக் கடைகளின் தயவில் நம் காபியைத் தெரியாத வங்காளி அங்கே யாருமில்லை. பட்டினி கிடக்கும் தாய், மகனுக்கு மூட்டுவாதமும் காபியும் தருகிறாள். கொட்டகையே சிரித்தது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த காட்சியில் மகன் செத்துப்போகிறான். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பட்ட அவமானத்தில் நிஜமாகவே அழுதேன். அதற்குத்தான் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. கார்டன் ரீச்காரிக்குக் கப்பலுக்கா பஞ்சம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு மேக்கப்பைக் கலைத்தேன்.

குழுத் தலைவர் உள்ளே வந்தார். விரட்டப்போகிறார் என்று பார்த்தால், நாளைக்கும் அதே மாதிரியே சொல்லச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அந்த நாடகத்தில் மகன் சாகவில்லை, காபி குடித்தான். கொட்டகை நிறைந்தது.

பிறகு எனக்கு வந்ததெல்லாம் இந்த வேஷம்தான். மதராஸி வீட்டுக்காரி, மதராஸி நர்ஸ், மதராஸி சம்பந்தி. இதற்குள் என் வங்காளம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொரு படப்பிடிப்புக்கு முன்னாலும் கண்ணாடி முன் நின்று தப்பாகப் பேசிப் பழக வேண்டியிருந்தது. எப்போதாவது டைரக்டர்களிடம் ஓர் அழுகைக் காட்சி கேட்பேன். அவர்கள் கேட்கும்போதே சிரித்துவிடுவார்கள். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆன என் கணவரிடம் ஒருநாள் அழுதுகாட்டி எப்படி என்று கேட்டேன். "அழுகை நல்லாத்தான் இருக்கு. மூக்கு மட்டும் சிரிக்குது" என்றார்.

போன வருஷம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அப்பளமும் காபித்தூளும் விற்கும் தமிழ்க் கடைக்காரர் ஒருவரின் மகள். சினிமா படித்தவள். தமிழ் அவளுக்கு அரைகுறை.

"மாஷி, நான் எடுக்கற குறும்படத்துல ஒரு ரோல் இருக்கு. டயலாக் கிச்சு நேய், ஒண்ணுமே இல்ல. நீங்க சும்மா உக்காரணும்."

"என்னைப் பார்த்தா சிரிப்பாங்களேம்மா."

"டிவில நீங்க வந்தா வீட்ல எல்லாரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. 'பாவம்'னு சொல்வாங்க."

யாரென்றே தெரியாத அந்த அம்மாவுக்காக ஒத்துக்கொண்டேன். பொய், எனக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். விட்டால் இன்னொரு வாய்ப்புக்கு ஆயுசு இல்லை.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் படப்பிடிப்பு. வேலைக்குப் போன மகன் வருவான் என்று ஒரு தாய் பெஞ்சில் காத்திருக்கிறாள். ரயில் வருகிறது, எல்லோரும் இறங்கிப் போகிறார்கள், அவன் இல்லை. அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் பழக்கதோஷத்தில் கண்ணை உருட்டினேன், உதட்டைப் பிதுக்கினேன், முந்தானையைக் கடித்தேன். "மாஷி, ஒண்ணும் பண்ணாதீங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பண்ணாமல் இருப்பது என் தொழிலிலேயே இல்லை. கடைசியில் களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டாள்.

படத்தின் முதல் திரையிடல் கரியாஹாட் பக்கம் ஒரு சின்ன அரங்கத்தில், சாயங்காலம். கணவரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் முகம் திரையில் வந்ததும் அரங்கம் சிரித்தது. ரயில் வந்தது, கொஞ்சம் சிரித்தார்கள். ஆட்கள் இறங்கினார்கள், அங்கொன்று இங்கொன்றாகச் சிரிப்பு. ரயில் போய்விட்டது. பிறகு சத்தமே இல்லை.

சிரிக்க வைக்கிறவளுக்குச் சத்தமில்லாத கொட்டகை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆள் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். பாத்ரூம் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, குனிந்தபடியே வெளியே ஓடி வந்துவிட்டேன். நடைபாதையில் நைட்டிகள் தொங்கிய கடை ஒன்றின் முன் நின்று, வாங்கப்போகிறவள் போல ஒன்றின் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கணவர்தான்.

"எங்க போயிட்ட?"

"காத்து வாங்க வந்தேன். ரொம்ப மோசமா?"

"என்ன மோசம்? லைட்டு போட்டுட்டாங்க, ஒருத்தரும் எந்திரிக்கல. பக்கத்துல ஒரு அம்மா முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்கு."

"நீங்க?"

"எனக்குச் சளி" என்றார். குரல் சரியாக இல்லை.

ஆயுசெல்லாம் எதற்காகக் காத்திருந்தேனோ அது வந்தபோது, நான் அதைத் தோல்வி என்று நினைத்து நைட்டி விலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பப் போய் உட்கார்ந்தாலும் அந்த மௌனம் எனக்கு மறுபடி கிடைக்காது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நிஜமாகவே அழுகிறேன் தம்பி என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.