எல்லாவற்றுக்கும் எஸ் பாஸ்

சிங்கப்பூரில் ஓட்டல் சமையலறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய என்னை, தஞ்சாவூரில் வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் இங்கிலீஷ் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன்.

"எம்.ஏ. படிச்ச டீச்சரை வச்சுப் பாத்துட்டேண்ணே. கிராமர் கொட்டுது, தோசைக்கரண்டிக்கு என்னன்னு கேட்டா முழிக்கிறாங்க. உங்களுக்கு அதெல்லாம் அத்துப்படி, வாங்க" என்றார்.

வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். யாராவது எழுதிக் காட்டச் சொல்லிவிட்டால்? கரும்பலகைப் பக்கமே போகமாட்டேன். கத்தி, அடுப்பு, தட்டு எல்லாம் வாய்ப்பாடம்தான். அதற்கெல்லாம் முன்னால், எனக்குச் சோறு போட்ட பாடத்தைச் சொன்னேன்.

"முதலாளி என்ன கேட்டாலும் 'எஸ் பாஸ்'னு சொல்லிடுங்க. புரியலைன்னா அப்பறம் பக்கத்துல உள்ளவங்ககிட்ட கேட்டுக்கலாம்."

யாருக்கும் அது புதிதாகப் படவில்லை. வரப்பில் நிற்கும் நிலக்காரர் எது சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனபின் "என்னடி சொன்னாரு?" என்று கேட்டுக்கொள்ளும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான்.

அவர்களில் ஒருத்தி ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லூரி விடுதியில் சமைத்தவள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை அவளுக்கு ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வீடியோ இன்டர்வியூ மட்டும்தான் பாக்கி. திரையில் தெரியாதபடி நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

திரையில் ஓர் அம்மாள் இங்கிலீஷில் நிதானமாகத்தான் கேட்டார். ஒரு நோயாளிக்கு வேர்க்கடலை ஆகாது, குழம்பில் வேர்க்கடலை அரைத்து விட்டிருக்கிறது, பரிமாறுவாயா?

"எஸ் பாஸ்" என்றாள், சிரித்த முகமாக.

அந்த அம்மாள் இன்னும் மெதுவாகக் கேட்டார். மறுபடியும் "எஸ் பாஸ்." அவர் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

"நல்லாச் சொன்னேனாண்ணே?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"அய்யய்யோ, ஆளைக் கொன்னுடுவேன்னுல்ல சொல்லிருக்கேன்!" என்று முதலில் சிரித்துவிட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை போய்விட்டது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சரி, புரியலைன்னா எப்படிண்ணே சொல்றது? அதையாச்சும் இப்ப சொல்லிக் குடுங்க."

சிங்கப்பூரில் மற்றவர்கள் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"காதுல விழலைண்ணே," என்றாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."