முதுகுப் பக்கத்து முடிச்சு

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் மேலே எழும்பும் என்பது எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதைச் சொல்லிக் கொடுத்தது ஓர் ஆஸ்பத்திரி நர்சம்மா. அன்றைக்கு நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.

அறுபதுகளின் முடிவில் ஓர் ஐப்பசி மழை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூரை தறிப் பக்கம் ஒழுகும். மாமியார் மாகறலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூல் நனையாமல் இருக்க ஒரு போர்வையை இழுத்து மூடிவிட்டு, தறிக்குழியில் இறங்கக் கால் வைத்தார். ஈரம் வழுக்கிவிட்டது. நெய்த புடவையைச் சுருட்டும் படமரத்தில் வலது விலா மோத விழுந்தார். பெரிய சத்தம்கூட இல்லை. எழுந்து உட்கார்ந்தவர் வாயைத் திறந்து திறந்து மூடினார், பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு விலா முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். தானாகவே கூடிவிடும், வீட்டுக்குப் போகலாம், என்ன செய்ய வேண்டும் என்பதை நர்சம்மா சொல்வார் என்றார்.

நர்சம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். வாயால் சொல்வதைவிடக் காட்டினால் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, என் இரண்டு விலாவிலும் கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். எதிரே சீட்டு வாங்க ஆண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவரும் அதில் இருந்தார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இன்னாம்மா, மூச்சு வுடறதுக்குக்கூடவா வெக்கம்?" என்று சிரித்தார்.

பிறகும் பொறுமையாகத்தான் சொன்னார். ஒவ்வொரு விலாவுக்கும் நடுவில் மெல்லிய தசை இருக்கிறதாம், அதுதான் எலும்பை வாளியின் கைப்பிடி போலத் தூக்குகிறதாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இன்னொரு தசை, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. மூச்சு இழுத்தால் அது கீழே இறங்குமாம். இதுவரை காதில் விழுந்தது. அதற்குமேல் தலையணை, அழுத்து, கட்டு என்று துண்டு துண்டாகத்தான் கேட்டது. தெருக்காரர் பார்க்கிறாரா என்பதிலேயே என் கவனம் இருந்தது. புரிந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன்.

அவர் சொன்னது என்ன என்று பிறகுதான் தெரிந்தது: இருமும்போது மட்டும் தலையணையை வைத்து அழுத்திப் பிடி, கட்டு மட்டும் போடாதே என்று.

நான் கட்டினேன். பழைய நூல் புடவையை நீளமாகக் கிழித்து, கட்டிலில் காலை உதைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நெஞ்சைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். எங்கள் வீட்டில் எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. பாவு தளர்ந்தால் புடவை கெட்டுப்போகும். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாக முடிந்து சேர்ப்பதுதான் என் வேலை. நான் போட்ட முடிச்சு நழுவியதாக யாரும் சொன்னதில்லை.

"இப்பத்தாம்மே வலி அடங்கிச்சு. பாவு இழுத்த மாதிரி நிக்குது பாரு" என்றார் அவர். எனக்குப் பெருமையாக இருந்தது.

இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டார். இருமல் இல்லையென்றால் தேறி வருகிறார் என்று நான் நினைத்தேன். தினமும் காலையில் அவிழ்த்து, முன்னைவிட இறுக்கிக் கட்டினேன்.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவர் மூச்சைப் பார்த்துப் பயந்துபோனேன். நெஞ்சு எழும்பவேயில்லை. அதற்குப் பதில் கழுத்தின் இரண்டு பக்கமும் தசை கயிறாகப் புடைத்து இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது, மூக்கு விடைத்தது. நாம் நினைக்காமலே நடக்கிற காரியத்துக்கு அந்த மனிதர் உடம்பு முழுவதும் பாடுபட்டது. தண்ணீர் என்று ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை.

ரிக்‌ஷாவில் கொண்டுபோனேன். அதே நர்சம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாருபா இத்தக் கட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "நான்தாம்மா... நானே... கட்டிக்கினேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அது... வேணாம்னுதான்... சொல்லுச்சு" என்று என்னைக் காட்டினார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நர்சம்மா அவரை முன்னால் சாய்த்தார். முடிச்சு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருந்தது. எவனும் தன் கையால் அங்கே முடிச்சுப் போட முடியாது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், அவிழவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினார். வெட்டும்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. நெஞ்சு விரியாததால் சளி உள்ளேயே தங்கிக் கெட்டுவிட்டது என்று மட்டும் பிறகு சொன்னார்.

இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். கடைசி நாள் மத்தியானம், ஆண்கள் நிறைந்த வார்டில், யாரையும் பார்க்காமல் அவர் விலாவின் மேல் இரண்டு கையையும் வைத்தேன். அவரது இடது விலாமேல் இருந்த கை எழும்பியது. அடிபட்ட வலது விலாமேல் இருந்த கை அப்படியே கிடந்தது. நான்தான் கட்டினேன் என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டேன்.

மாமியார் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். பொண்டாட்டி பேச்சைக் கேட்காமல் தானே கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தானே பிடிவாதக்காரன் என்று மகனைச் சொல்லிச் சொல்லி அழுவார். அழுது அழுது மூச்சு முட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.