வேலை ஓயாத படிப்பு

என்னோடு படித்தவர்கள் எல்லோரும் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். சிவகாசி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளி அக்கா உட்கார்ந்திருந்தார். விரல்களில் வெள்ளி நிறத்தில் மருந்துப்பொடி. எதையும் தொடும் முன் முந்தானையில் துடைத்துக்கொள்வார். அது போகவே இல்லை.

"என்ன படிச்சிருக்க தாயி?"

"பயோமெடிக்கல் என்ஜினீயரிங்க்கா. ஆஸ்பத்திரி மெஷினைச் சரி பாக்கிற படிப்பு. வேலைதான் கெடைக்கல."

"எங்க பக்கம் வந்துரு. வருசாவருசம் எங்கனயாச்சும் வெடிக்கும். ஒனக்கு வேலை ஓயாது."

வாழ்த்தாகத்தான் சொன்னார். தாயில்பட்டியில் இறங்கிப் போனார்.

இப்போது விருதுநகரில், ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக் கருவிகள் என் பொறுப்பு. பழுது என்று அழைத்தால் முதலில் கட்டில்களைப் பார்ப்பேன். அந்த அக்கா இல்லை என்று தெரிந்த பிறகே கருவியைத் திறப்பேன்.