சரிவில் நிறுத்திய வண்டி

எங்கள் வடகவுஞ்சியில் காரை மட்டமான இடத்தில் நிறுத்துகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் மூக்கு கீழே பார்க்கச் சரிவில் நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல்லையும் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவான். குளிரில் வண்டி முரண்டு பிடித்தால் கல்லை எடுத்துவிட்டு உருட்டிக்கொள்ளலாம். என் கிழட்டு டீசல் காரையும் அப்படித்தான் நிறுத்துவேன். எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டீசல் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் இரண்டு நாள் ஓட்டுவேன். இந்த இரண்டு கெட்டிக்காரத்தனமும் ஒரே காலையில் கைகோத்துக்கொண்டன.

பக்கத்து வீட்டு பாய் மளிகைக் கடை வைத்திருப்பவர். அன்று விடிந்தும் விடியாமலும் என் கதவைத் தட்டினார்.

"மாப்ள, அத்தா மௌத்தாயிட்டாரு."

அவருடைய தகப்பனார் கன்னிவாடியில் தம்பி வீட்டில் இருந்தார். பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம். பன்னிரண்டரைக்கு வீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் முகம் பார்க்க முடியும். மலை இறங்கிப் போக மூன்று மணி நேரம் போதும். அப்போது மணி ஆறரை.

"பஸ்ஸுக்கெல்லாம் நிக்காதீங்க பாய். நம்ம வண்டி இருக்கு. வெள்ளனே போயிரலாம்" என்றேன்.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் ஜோராகச் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. சுற்றுகிறது என்றால் பேட்டரியில் கோளாறில்லை. அதுவரை நான் சொன்னது சரி. அதற்குமேல்தான் டாக்டராகிவிட்டேன்.

"ஹீட்டர் பிளக்குதான் பாய். குளிருக்குச் சூடாக மாட்டேங்குது."

ஹீட்டர் பிளக் என்பது ஸ்டார்ட் ஆவதற்கு முன் என்ஜினுக்குள் சூடு கொடுக்கிற சின்னக் கம்பி. எங்கள் மலையில் எந்த வண்டி எதற்காக நின்றாலும் பழி அதன் தலையில்தான் விழும், புதுமருமகள் மாதிரி. நான்கையும் கழற்றித் துடைத்து, பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். நான்கும் நெருப்பாகச் சிவந்தன.

"நல்லாத்தான இருக்கு?" என்றார் பாய்.

"நல்லா இருக்குற மாதிரி நடிக்கும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. விஷயம் கேள்விப்பட்டிருந்த டிரைவர் தலையை நீட்டினார். "ஏறிக்கிறீங்களா பாய்? கன்னிவாடி பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்."

பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ போப்பா. பத்து நிமிசத்துல ஒன்னைய ஓவர்டேக் பண்றோம்" என்று கையாட்டி அனுப்பியவன் நான். வேன் வளைவில் மறையும்வரை பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டுக் கல்லை எடுத்தோம். பாய் தள்ள, வண்டி சரிவு முழுக்க இறங்கியது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். நாலு தரம் தும்முவதுபோல் குலுங்கிவிட்டு மட்டத்தில் போய் நின்றது. இனி உருட்டவும் வழியில்லை. பாயின் தம்பி போனில் கூப்பிட்டார்.

"வந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க" என்றேன்.

கடைக்காரராக இருந்தும் பாய்க்குப் பொய் வராது. எனக்காக அன்று ஒன்று சொன்னார்.

ஒன்பது மணிக்குத்தான் மானத்தைத் தொலைத்துவிட்டுப் பெருமாள்மலை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என்னோடு பள்ளியில் படித்தவன்.

"ஏலே, செல்ப் அடிக்கிறப்ப சைலன்சர்ல பொகை வருதா?"

"பொகையா?"

"வெள்ளையா வந்தா டீசல் போகுது, எரியலன்னு அர்த்தம். அப்பத்தான் ஹீட்டரப் பாக்கணும். பொகையே இல்லைன்னா டீசலே போகல."

"அதப் பாக்கலயே."

"அப்ப ரெண்டு மணி நேரமா என்ன சோலி பாத்த?"

பாய் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். சாவியைத் திருப்பினேன். "ஒண்ணும் வரல மாப்ள" என்றார்.

டீசல் எவ்வளவு இருக்கிறது, எப்படி நிறுத்தியிருந்தேன் என்று மெக்கானிக் கேட்டான். சொன்னேன்.

"மூக்கு கீழ இருந்தா இருக்குற சொட்டு டீசலும் டேங்குல முன்னாடி போய்க் கெடக்கும். உறிஞ்சுற குழா பின்னாடி இருக்கு. அது காத்தக் குடிச்சிருக்கு. உருட்டி வேற விட்டியா?"

"விட்டேன்."

"நல்லா ஊட்டி விட்டுருக்க, போ."

தோட்டத்து மோட்டாருக்கு வைத்திருந்த டீசலை ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வர முக்கால் மணி நேரம் போனது. டேங்கில் ஊற்றினேன். பில்டர் மேலிருந்த நட்டை நான் தளர்த்த, பக்கத்திலிருந்த கைப்பம்பை பாய் அமுக்கினார். நுரை நுரையாகக் காற்று வெளியே வந்தது. மறுபடியும் போன். பாயின் கை முழுக்க டீசல் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கண்ணே இருக்க? ஜமாத்துல கேக்குறாங்க. மையத்த வச்சிருக்கவா, எடுக்கவா?"

பத்து நிமிஷம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"மையத்தக் காக்க வைக்கக் கூடாதுடா. நேரத்துக்கு எடுத்துருங்க."

சொல்லும்போதும் பம்பை அமுக்குவதை அவர் நிறுத்தவில்லை.

நுரை நின்றதும் நட்டை முறுக்கினேன். முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. மணி பத்தேகால். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் வெறுத்ததில்லை.

மலை இறங்கும்வரை ஒரு நக்கல்கூட என் வாயில் வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட துக்கம் என்று தெரியும்.

நேரே கபர்ஸ்தானுக்குத்தான் போனோம். வாசல் குழாயில் பாய் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்தேயென்று தேய்த்தார். பிறகு உள்ளே ஓடினார். குழியைப் பலகையால் மூடி, மண்ணும் பாதி தள்ளியிருந்தார்கள். அவருக்கு வழிவிட்டு எல்லோரும் விலகினார்கள். மூன்று கை மண் அள்ளிப் போட்டார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தவர் என் பக்கத்தில் நின்று கையை மோந்து பார்த்தார்.

"போகல மாப்ள. இந்த வாடையோடதான் அத்தாவுக்கு மண்ணு போட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்.

"இங்கயும் அப்பிடித்தான் நிறுத்தியிருக்கியா?"

திரும்பிப் பார்த்தேன். அந்தத் தெருவிலேயே இருந்த ஒரே சரிவைத் தேடிப் பிடித்து, மூக்கு கீழே பார்க்க நிறுத்தியிருந்தேன். டயருக்குக் கல்லும் கொடுத்திருந்தேன்.

கல்லை எடுத்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, மட்டத்தில் நிறுத்தினேன். இறங்கி வந்தபோது பாய் தம்பி வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டிருந்தார்.