சபேசன் எழுதாத கட்டுரை

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது, ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை அனுப்பிவிட்டுக் காலி மண்டபத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற தொழில். நாம் எழுதியதை வேறு யாராவது படித்து, தம் கட்டுரையின் கடைசியில் நம் பெயரைக் குறிப்பிட்டால்தான் எழுதியதாகக் கணக்கு. இப்படி நின்று கால் கடுத்த சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில், பம்பாயில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் நான் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளன். எவனாவது ஒருவன் என் பெயரைக் குறிப்பிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாட்டுங்காவில் டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

தீபாவளிக் குளியல்

கழுத்தில் கட்டியோடு வருகிறவர்களுக்கு, கதிர் எங்கே விழவேண்டும் என்று ஊதா மையால் கட்டம் போடுவோம். சிகிச்சை முடிகிறவரை அது அழியக்கூடாது. லேபர் கேம்ப் குடியிருப்புப் பேச்சியம்மாளிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தாராவியில் தோல் பட்டறை வேலை, திருநெல்வேலிப் பேச்சு, தினமும் எங்களிடம் ‘கரண்டு வைக்க’, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, வருகிறவர்.

தீபாவளிக்கு மறுநாள் அம்மாள் பளபளவென்று வந்து நின்றார். எண்ணெயும் சீயக்காயுமாகத் தேய்த்ததில் கட்டம் போன இடம் தெரியவில்லை. சின்ன வயதில் ஊரில் தாடையில் குத்திய பச்சைப் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. கட்டம் ஒரு விரல் தள்ளிப் போனால் கட்டி தப்பித்துக்கொள்ளும், பேச்சியம்மாள் தப்பிக்க மாட்டார். பயத்தில் கொஞ்சம் கத்திவிட்டேன். அவர் அசரவில்லை.

“தண்ணிக்கே தாங்காத மைய வச்சிக்கிட்டா அய்யா, வியாதிய வெரட்டப் போறிய?”

அப்பாவுக்கு வந்த தபால்

கேள்வி சுருக்கென்று தைத்தது. அந்தத் தாடைப் புள்ளியும் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரிய டாக்டரின் சம்மதத்தோடு, கட்டத்தின் மூலைகளில் மைக்குப் பதில் ஊசியால் சின்னச் சின்னதாகப் பச்சை குத்தினோம். முதல் கழுத்து பேச்சியம்மாளுடையதுதான். வியர்வையோ எண்ணெய்க் குளியலோ எதற்கும் புள்ளி மசியவில்லை. மற்றவர்களுக்கும் செய்து பார்த்து, கட்டுரையாக எழுதி அனுப்பினேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டவர்கள் என் குடும்பப் பெயரைக் கேட்டார்கள். நமக்கு ஏது அது? அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிற ஜாதி நாம். எஸ். நாராயணன் ஆகிய நான், அப்பா பெயரான சபேசனைக் கொடுத்துத் தொலைத்தேன். ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுத் தபால் என்றால் ஸ்டாம்புக்காகவே காணாமல் போகும் என்பதால், வீட்டு விலாசத்தையும் கொடுத்தேன். விளைவு, கட்டுரையின் பிரதி கேட்டு ‘டாக்டர் சபேசன்’ பெயரில் அட்டைகள் மாட்டுங்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தன. அப்பா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடயரானவர். வந்த கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அத்தனை பேருக்கும் நலம் விசாரித்து எழுதிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“நீ ஏண்டா குதிக்கறே? பேர் என் பேர்தானே போட்டிருக்கு!”

கமிட்டியின் குழப்பம்

கடைசியில் ஜெர்மனியில் ஒரு புண்ணியவான் எங்கள் முறையைத் தானும் செய்து பார்த்து, சரிதான் என்று எழுதிவிட்டார். கட்டுரையின் கடைசியில் ‘சபேசன்’ என்று அச்சாகியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, வேலையை நிரந்தரமாக்கும் ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். இதில் நாராயணன் எங்கே என்று ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இன்னொருவர், அந்த சபேசனையே கூப்பிட்டு வேலை கொடுத்துவிடலாமே என்றார். எனக்கு டியூஷன் பிள்ளைகளின் முகம் தெரிய ஆரம்பித்தது.

தலைவர் மராட்டிக்காரர். நான் உளறிக் கொட்டியதைப் பொறுமையாகக் கேட்டவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு மற்றவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கினார்.

“எங்கள் பெயரில் அப்பா நடுவில் உட்காருவார், இவர்கள் பெயரில் முன்னால் உட்காருவார். வெள்ளைக்காரன் அவரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டான். ஆள் ஒன்றுதான், கையெழுத்துப் போடுங்கள்!”

லேபர் கேம்ப் பதிப்பு

வேலை நிரந்தரமானது. ஆனால் எனக்கு ஒரு குறை; என் பெயரை என் பெயராக யாரும் குறிப்பிடவில்லையே என்று. அந்த மனத்தாங்கலோடு இருந்தபோதுதான் பேச்சியம்மாள் பரிசோதனைக்கு வந்தார். கட்டி போய், கழுத்து நன்றாக இருந்தது. கூடவே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தொண்டையைத் துணியால் மூடிக்கொண்டு, வாசலைத் தாண்டமாட்டேன் என்று நின்றாள். கரண்டு வைத்தால் கருகிப் போவோம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விலக்கி, தம் கழுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அவளுக்குத் தொட்டுக் காட்டினார். குழாயடியில் கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பெண் மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த சந்தோஷம் இதற்கு உறை போடக் காணாது. பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“நாராயணய்யா, எனக்கு வச்ச மாதிரியே இவளுக்கும் வைங்க. மை கிய்யின்னு ஆரம்பிச்சிராதிய!”

ஆக, கட்டுரை எழுதியவன் நான், பெயர் வாங்கியவர் அப்பா, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லேபர் கேம்ப் முழுக்க வாசிக்க வைத்தவர் பேச்சியம்மாள் என்பதுதான் என் ஆராய்ச்சி வாழ்க்கையின் மொத்தச் சுருக்கம்.