அகராதியில் இல்லாத கிணறு

குழந்தைகளுக்கு அகராதி தொகுக்கிறவன் புலவர்களுக்குப் பயப்பட வேண்டாம், அவர்கள் எப்படியும் வாங்கப்போவதில்லை. அவன் பயப்பட வேண்டியது தாய்மார்களுக்கு. அச்சுப்படி திருத்தியே கண் பூத்துப்போன அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

பதினாறு பக்கம்

யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு. உத்தமபாளையத்தில் தமிழாசிரியனாக இருந்த நான் தொகுத்த சிறுவர் அகராதி இரண்டாம் பதிப்புக்கு வந்தது. பதினாறு பக்கத்தைக் குறைத்தால்தான் அச்சேறும் என்றார் தேனி அச்சாபீஸ் முதலாளி. 'யாளி'யைத் தயங்காமல் வெட்டினேன். யாளி வந்து கேட்கப்போவதில்லை. ஆயில் என்ஜின் வந்துவிட்டதே என்று, மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் 'கமலை'யின் மேலும் கோடு போட்டேன். எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஓடைப்பட்டிக்காரர் நிமிர்ந்தார்.

"கமலைய எடுத்துட்டா எங்க தோட்டத்துக்கு நீங்களா வந்து தண்ணி எறைப்பீக?"

கோம்பையிலிருந்து வந்தவள்

அப்போதெல்லாம் பிள்ளைகள் அகராதியில் சொல்லைத் தேடுவதில்லை. முழுப் புத்தகத்தையும் ராகம் போட்டு உரக்க ஒப்பிப்பார்கள். கோம்பையில் ஒரு சிறுமி 'காலரா: வாந்தியும் பேதியுமாக வரும் கொள்ளைநோய்' என்று ஒப்பிக்க, அவள் தாய் ஓடிவந்து வாயைப் பொத்தினாளாம். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். 'அவ வந்திருக்கா' என்பதோடு சரி.

மறுநாள் அந்தத் தாய் என் வாசலில் நின்றாள். சொல் வேறு, நோய் வேறு என்று நான் நெடுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் பதிலுக்குப் பிறகு, அந்தச் சொல்லையும் வெட்டினேன்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா யாருந்தான் திரும்பிப் பாப்பாக, வாத்தியாரே. போன தடவ அவ திரும்பிப் பாத்தப்ப எனக்கு ரெண்டு பிள்ளைக போச்சு."

சிவப்புச் சாயம்

புதுப் பதிப்பு வந்த நாலாம் மாதம், அனுமந்தன்பட்டியில் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். நோய் வந்திருப்பது எங்களுக்குத் தெரியாது. பெயரே சொல்லாத ஊர்களுக்கிடையே செய்தி எப்படிப் போகும்? சுகாதார அதிகாரி ஒரு கிணற்றுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் 'காலராக் கிணறு' என்று எழுதிவைத்திருந்தார். உச்சிவெயிலில் தனியாக விளையாடப் போன என் ஒன்பது வயது மகள், அதில் இறைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தாள்.

மூன்று நாள் அவள் முகத்தை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. அவள் ஏப்பம் விட்டாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாடை போனபோது அவள் காதைப் பொத்தினேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள்தான் கேட்கத் துணிந்தேன்: சுவரில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா?

"படிச்சேம்பா. நம்ம புதுப் புஸ்தகம் பூராவும் எனக்கு மனப்பாடம், அதுல அந்தச் சொல்லு இல்ல. ஆளு பேரெல்லாம் அகராதியில வராதுன்னு நீங்கதான சொன்னீக. ராவுத்தர் கெணறு மாதிரி, காலரான்னு யாரோ ஒருத்தரு கெணறுன்னு நெனச்சேன்."

மூன்றாம் பதிப்பில் 'காலரா' என்ற சொல் 'அ'வுக்கும் முன்னால் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. அகர வரிசை கெட்டதென்று எழுதும் புலவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை, கோம்பைப் பக்கம் மட்டும் இன்னும் போவதில்லை.